9 எம்எம்மா, .45-ஆ? நம்ம ஊர்ல அந்தக் கேள்வியே கிடையாது

கோரிப்பாளையத்துல இருந்து பேசுறேன். இந்த எபிசோடு ஒரு நேயரோட வாய்ஸ் நோட்டுக்குப் பதில். அவரோட அப்பா அடகுக்கடை வச்சிருக்கார். ராத்திரி கடையை அடைச்சுட்டுப் பணத்தோட வீட்டுக்கு வர்றார். "ப்ரோ, அப்பாவுக்கு ஒரு துப்பாக்கி வாங்கலாம்னு இருக்கோம். 9 எம்எம் நல்லதா, .45 நல்லதா?"

இது அமெரிக்க யூடியூப்ல இருந்து வர்ற கேள்வி. அங்க கடைக்குப் போய் கேலிபரைத் தேர்ந்தெடுக்கலாம். இங்க அந்தத் தேர்வைச் சட்டம் ஏற்கெனவே முடிச்சு வச்சிருக்கு.

1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 1962 விதிகள்ல ஒரு பட்டியல் உண்டு. .380, .455, படைகள் பயன்படுத்துற 9 எம்எம், .45 ஆகிய தோட்டாக்களைப் போட்டுச் சுடக்கூடிய எந்த பிஸ்டலும் ரிவால்வரும் தடை செய்யப்பட்ட வகை. 2016-ல் புது விதிகள் வந்த பிறகும் அந்த அடிப்படை மாறலை. சாப்ட்வேர் பாஷையில சொன்னா, சட்டம் துப்பாக்கியோட பேரைப் பார்க்கலை. அது எந்த இன்புட்டை ஏத்துக்கும்னு பார்க்குது. போலீஸ், ராணுவக் கிடங்குல இருந்து களவு போற தோட்டா வெளியில இருக்கிற துப்பாக்கியில பொருந்தக் கூடாதுங்கிறதுதான் இதுக்குப் பொதுவா சொல்லப்படுற காரணம். ஆக, நேயர் கேட்ட ரெண்டுமே அவுட். தடை செய்யப்பட்ட வகையை அனுமதியில்லாம வச்சிருந்தா, 2019 திருத்தப்படி குறைஞ்சது 7 வருஷம், அதிகபட்சம் 14 வருஷம் சிறை.

மிச்சம் இருக்கிறதுல சாமானியர் கைக்கு வர்றது பெரும்பாலும் .32 தான். அரசுத் தளவாடத் தொழிற்சாலைகளோட .32 ரிவால்வர், அஷானி பிஸ்டல், 2014-ல் கான்பூர்ல இருந்து வந்த அரைக்கிலோ எடையுள்ள 'நிர்பீக்' எல்லாமே அந்த அளவுதான். நிர்பீக் அறிமுக விலையே ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல.

.32 பலவீனமானதா? 9 எம்எம் குண்டு சுமார் 450 ஜூல் ஆற்றலோட கிளம்பும்; .32 சுமார் 170 ஜூல். பாதிக்கும் குறைவுதான். ஆனா மரக்கதவைத் துளைக்கவும் உயிரை எடுக்கவும் அது போதும். நம்ம தெருக்கள்ல வீட்டுக்கு வீடு எவ்வளவு நெருக்கம்னு உங்களுக்கே தெரியும். குறி தப்பினா எதிர்வீட்டுக் கதவு ரொம்ப தூரத்துல இல்லை.

அடுத்தது லைசென்ஸ். மதுரை மாநகருக்குள்ள போலீஸ் கமிஷனர், வெளியில கலெக்டர். போலீஸ் அறிக்கை வாங்காம முடிவெடுக்க மாட்டாங்க. உயிருக்கு என்ன ஆபத்துன்னு காட்டணும். பாதுகாப்புப் பயிற்சிச் சான்று வேணும். பத்திரமா பூட்டி வைப்பேன்னு எழுதிக் கொடுக்கணும். கிடைச்சா 5 வருஷத்துக்கு. தேர்தல் வந்தா, விலக்கு கிடைக்காதவங்க துப்பாக்கியை ஒப்படைச்சுட்டு வாரக்கணக்குல இல்லாமத்தான் இருக்கணும்.

சரி, கையில இருக்குன்னே வைங்க. எப்ப சுடலாம்? பாரதிய நியாய சன்ஹிதா 34 முதல் 44 வரை தற்காப்பு உரிமை பத்திப் பேசுது. கொள்ளை, சூரியன் மறைஞ்ச பிறகு வீட்டை உடைச்சு நுழையறது மாதிரி சில சமயங்கள்ல அந்த உரிமை உயிரைப் பறிக்கிற அளவுக்குக்கூடப் போகும். ஆனா 37-வது பிரிவு ரெண்டு கடிவாளம் போடுது: போலீஸை நாட நேரம் இருந்தா அந்த உரிமை இல்லை, தேவைக்கு மேல தீங்கு செய்யவும் கூடாது. பையைப் பிடுங்கிட்டு ஓடுறவன் முதுகுல சுட்டா, 'தற்காப்பு'ன்னு சொல்லித் தப்பிக்கிறது கஷ்டம்.

பைக்ல வர்ற ரெண்டு பேர் பையைப் பறிக்க எடுத்துக்கிறது சில வினாடி. அதுக்குள்ள இடுப்புல இருந்து எடுத்து, ஆள் பார்த்து, பின்னாடி யார் நிக்கிறாங்கன்னு பார்த்துச் சுடணும். வருஷத்துக்கு ஒரு தடவைகூட ரேஞ்சுக்குப் போகாத ஒருத்தருக்கு .32 என்ன, எந்த கேலிபரும் அதைச் செஞ்சு தராது.

அதனால நேயருக்கு என் பதில்: அப்பா பணத்தைக் கையில கொண்டு வர்றதை முதல்ல நிறுத்துங்க. கடைக்கு நல்ல லாக்கர், கேமரா, பகல்லயே பேங்க் டெபாசிட், தினம் ஒரே நேரத்துல ஒரே வழியில வராம இருக்கிறது, ஆபத்துன்னா 112. நேரடி மிரட்டல் இருந்தா மொதல்ல ஸ்டேஷன்ல எழுத்துல புகார் கொடுங்க. அது இல்லாம லைசென்ஸ் மனுவுக்கும் வலு கிடையாது.