நம்பப்படாத சொல்: திகில் திரைப்படங்களில் கருவுறுதலும் தாய்மையும்

ஆய்வுச் சுருக்கம்

கருவுற்ற பெண்ணையும் தாயையும் மையமாகக் கொண்ட திகில் படங்களில் அச்சம் கருவிலிருந்தே பிறப்பதாகப் பெரும்பாலும் விளக்கப்படுகிறது. இக்கட்டுரை ‘ரோஸ்மேரிஸ் பேபி’ (1968), ‘தி பாபடூக்’ (2014), ‘கஹானி’ (2012) ஆகிய மூன்று படங்களை ஆராய்ந்து, அப்பெண்ணின் சொல் சுற்றியுள்ளோரால் மறுக்கப்படும் இடத்திலேயே அச்சம் தோன்றுகிறது என்பதை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: திகில் படம், மர்மப் படம், கருவுறுதல், தாய்மை, பெண்ணியத் திறனாய்வு

முன்னுரை

குடும்பப் படங்களில் கருவுறுதல் மகிழ்ச்சியின் அறிகுறி; திகில் படங்களில் அதுவே ஐயத்தின் தொடக்கம். இம்மாற்றத்தை விளக்கியோருள் பார்பரா கிரீட் குறிப்பிடத்தக்கவர். ஜூலியா கிறிஸ்தேவாவின் உளப்பகுப்பாய்வுக் கருத்துகளை அடியொற்றி அவர் 1993-இல் வெளியிட்ட நூல், பெண்ணுடலின் இனப்பெருக்க ஆற்றலைத் திகில் படங்கள் கொடூரமாகச் சித்திரிப்பதை எடுத்துக்காட்டியது. ‘ஏலியன்’ (1979), ‘தி புரூட்’ (1979) போன்ற படங்களுக்கு இவ்விளக்கம் நன்கு பொருந்தும். ஆயினும், கருவைக் கொடூரமாகக் காட்டாமலேயே அச்சமூட்டும் படங்களும் உள. அவற்றை விளக்க, உடலோடு சொல்லையும் நோக்க வேண்டியுள்ளது. தன் உடலையும் மனத்தையும் பற்றி அப்பெண் கூறுவதை நம்புவோர் யார் என்பதே இங்கு எழும் வினா.

மறுக்கப்படும் சொல்

ஐரா லெவின் 1967-இல் வெளியிட்ட நாவலைத் தழுவி ரோமன் பொலான்ஸ்கி இயக்கிய படம் ‘ரோஸ்மேரிஸ் பேபி’. நியூயார்க் நகரின் பழைய அடுக்ககம் ஒன்றில் குடியேறும் ரோஸ்மேரி கருவுறுகிறாள். அவள் தானே தேர்ந்த மருத்துவரை விட்டு, அண்டை வீட்டார் பரிந்துரைத்த சப்பர்ஸ்டீன் என்னும் மருத்துவரிடம் செல்லுமாறு தூண்டப்படுகிறாள். நூல்களைப் படிக்காதே, தோழியர் சொல்வதைக் கேளாதே என்பன அவர் விதிக்கும் முதற்கட்டளைகள். வேறு அறிவு எதுவும் அவளை எட்டாதவாறு வாயில்கள் அடைக்கப்பட்ட பின்னரே நாள்தோறும் பானம் ஊட்டப்படுகிறது.

மாதக்கணக்கில் நீடிக்கும் வலியை இயல்பானது என்றே மருத்துவர் கூறிவருகிறார். விருந்தொன்றின்போது தோழியர் அவள் கணவனை அடுக்களைக்குள் விடாமல் தடுத்து, வேறு மருத்துவரைக் காணுமாறு வற்புறுத்துகின்றனர். படத்தில் அவள் சொல் முழுமையாகக் கேட்கப்படும் அரிய தருணம் இது. அவளும் அவ்வாறே முடிவு செய்கிறாள். ஆனால் கணவனோடு வாதிடும் வேளையில் வலி திடீரென நின்று, குழந்தை அசைகிறது. அவள் தரப்பின் ஒரே சான்றாக இருந்த வலி மறைந்ததும் அவள் வாதமும் தளர்ந்துவிடுகிறது.

பின்னர் அவள் முதல் மருத்துவரிடம் ஓடிச் சென்று அனைத்தையும் கூறுகிறாள். அவர் நம்புவதுபோல் அவளை ஓய்வெடுக்கச் செய்து, சப்பர்ஸ்டீனையும் கணவனையும் வரவழைக்கிறார். இம்மருத்துவர் சூழ்ச்சியில் பங்கு கொண்டவராகக் காட்டப்படவில்லை. கருவுற்ற பெண்ணின் அச்சத்தை மனக்கோளாறாகவும் கணவனையும் மருத்துவரையும் அவளுக்குப் பொறுப்பானவர்களாகவும் கருதும் வழக்கமே அவரை அவ்வாறு செயற்படுத்துகிறது. படத்தின் உச்ச அச்சம் இங்குதான் உள்ளது. இறுதிக் காட்சியில்கூடக் குழந்தையின் முகம் காட்டப்படுவதில்லை.

இப்படம் வெளிவருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, கர்ப்பகாலக் குமட்டலுக்குப் பாதுகாப்பானதென வழங்கப்பட்ட தாலிடோமைடு மருந்தால் பல்லாயிரம் குழந்தைகள் உறுப்புக் குறைகளோடு பிறந்தமை தெரியவந்து, 1961-இல் அம்மருந்து விற்பனையிலிருந்து விலக்கப்படத் தொடங்கியது. அதனை அறிந்திருந்த பார்வையாளர்க்கு, பெயர் தெரியாத பானத்தை நம்பிப் பருகும் பெண்ணின் நிலை வெறும் கற்பனையாக இருந்திருக்க முடியாது.

சொல்லவியலாத சொல்

ரோஸ்மேரியின் சொல்லைப் பிறர் மறுக்கின்றனர். ஜெனிபர் கென்ட் இயக்கிய ஆஸ்திரேலியப் படமான ‘தி பாபடூக்’கிலோ தாயே தன் சொல்லை மறுத்துக்கொள்கிறாள். அமீலியாவை மகப்பேற்றுக்கு அழைத்துச் செல்லும் வழியில் கணவன் விபத்தில் இறக்கிறான். மகனின் பிறந்தநாளும் கணவனின் நினைவுநாளும் ஒன்றே. மகனைக் காணும்போதெல்லாம் இழப்பையும் காணும் அவளால் அந்த வெறுப்பை எவரிடமும் கூற இயலாது; தாய் என்னும் நிலை அதற்கு இடந்தருவதில்லை. சொல்லப்படாத அவ்வுணர்வு படப்புத்தகம் ஒன்றிலிருந்து பேயுருவாக வெளிப்படுகிறது. காவல் நிலையத்தில் முறையிடும்போதும் அவளிடம் சான்றில்லை. அப்புத்தகத்தை அவளே எரித்துவிட்டாள்.

முடிவில் பேய் அழிக்கப்படுவதில்லை. நிலவறையில் அதற்கு இடமளித்து அவள் உணவிடுகிறாள். மகனின் பிறந்தநாளும் உரிய நாளிலேயே கொண்டாடப்படுகிறது. வெறுப்பை ஒப்புக்கொண்ட பின்னரே அன்பு இயல்கிறது என்பதே இதன் பொருள்.

கருவியாகும் நம்பிக்கை

சுஜாய் கோஷின் ‘கஹானி’ இந்நிலையைத் தலைகீழாக்குகிறது. காணாமற்போன கணவனைத் தேடி லண்டனிலிருந்து கொல்கத்தா வரும் கருவுற்ற வித்யாவை அனைவரும் இரக்கத்தோடு நோக்குகின்றனர். அவள் வயிறு செயற்கையானது என்பதும், நச்சுவாயுத் தாக்குதலில் கணவனை இழந்த அதிர்ச்சியில் அவள் கரு கலைந்துவிட்டது என்பதும் இறுதியில்தான் தெரியவருகின்றன. சுற்றியுள்ளோர் வயிற்றை நம்பினர். அதன் பின்னிருந்த பெண்ணின் அறிவை அளந்து பார்க்கவில்லை. ரோஸ்மேரியை வலுவிழக்கச் செய்த அதே பார்வை வித்யாவுக்கு மறைப்பாகிறது. எனினும் துர்க்கை பூசையின் நிறைவு நாளில் நிகழும் முடிவு, பழிதீர்க்கும் மானுடப் பெண்ணைத் தெய்வத்தோடு இணைத்துவிடுவதால், தாய் அல்லது தெய்வம் என்னும் பழைய எல்லையைப் படம் முழுமையாகக் கடக்கவில்லை எனலாம்.

முடிவுரை

மூன்று படங்களிலும் பெண்ணின் வயிறும் தாய்மையும் ஊரார் கண்முன் நிற்கின்றன. அவள் அறிந்தது மட்டும் மறைந்து நிற்கிறது. இவ்விடைவெளியே முதற்படத்தில் சூழ்ச்சிக்கும், இரண்டாவதில் பேய்க்கும், மூன்றாவதில் பழிதீர்ப்புக்கும் இடமளிக்கிறது. ஆகவே இவ்வகைப் படங்களை ஆராய்வோர் உடலின் சித்திரிப்போடு நின்றுவிடாமல், மருத்துவர், கணவன், காவலர் ஆகியோரோடு பெண் நிகழ்த்தும் உரையாடல்களையும் தரவாகக் கொள்ளுதல் வேண்டும். அவள் முறையிடும் இடத்தில் அவளுக்குக் கிடைக்கும் மறுமொழி, அப்படத்தின் அச்சம் எதிலிருந்து பிறக்கிறது என்பதைக் காட்டிவிடும்.