பழைய ரிவால்வர் கையில இருக்கா? விலை தெரியாம வித்துடாதீங்க!

தங்கம், நிலம், ஃபண்டுன்னு பேசிக்கிட்டே இருக்கிற நம்ம சேனலுக்குப் போன மாசம் ஒரு வித்தியாசமான கேள்வி வந்தது. அனுப்பினவர் டெக்ஸாஸ்ல வேலை பார்க்கிற சப்ஸ்கிரைபர். அவரோட பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பது வயசு. கணவர் போன வருஷம் இறந்துட்டார். அவர் அலமாரியைக் காலி பண்ணும்போது துணியில சுத்தின ஒரு பழைய ரிவால்வர் கிடைச்சிருக்கு. பக்கத்துல ஒரு அடகுக் கடையில 600 டாலர் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. "கொடுத்துடச் சொல்லலாமா சார்?"

போட்டோ பார்த்தேன். கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி. (இந்த கோல்ட் தங்கம் இல்லீங்க, கம்பெனி பேரு!) கௌபாய் படத்துல இடுப்புல தொங்குமே, அதே மாடல். 1873ல வந்தது. 1940 வரைக்கும் செஞ்சதை முதல் தலைமுறைன்னு சொல்வாங்க, சுமார் 3,57,000. அப்புறம் நிறுத்திட்டு 1956ல மறுபடி ஆரம்பிச்சாங்க. எந்தத் தலைமுறைங்கிறதைப் பொறுத்தே விலை பெரிசா மாறும். சீரியல் நம்பரை வச்சு எந்த வருஷம் செஞ்சதுன்னு கண்டுபிடிச்சுடலாம். 1898 வரைக்கும் செஞ்சதுன்னா அமெரிக்க மத்திய சட்டப்படி அது 'ஆன்டிக்'. விற்கிற நடைமுறையும் சுலபம். ஆனா மாநிலச் சட்டம் வேற மாதிரி இருக்கலாம், அதைத் தனியா பார்க்கணும்.

நான் முதல்ல சொன்னது ரெண்டே விஷயம். ஒண்ணு, விவரம் தெரிஞ்சவரை வச்சு உள்ளே குண்டு இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. ரெண்டு, தயவுசெஞ்சு துடைச்சுப் பளபளன்னு ஆக்கிடாதீங்க!

நம்ம ஊர்ல பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ச்சுத்தான் பழக்கம். இங்க அதுவே நஷ்டம். சேகரிப்பாளர்கள் பணம் கொடுக்கிறது கம்பெனி அன்னைக்குப் போட்ட பூச்சு எவ்வளவு மிச்சம் இருக்குங்கிறதுக்கு. பழைய துப்பாக்கிகளோட நிலையைத் தரம் பிரிக்க அமெரிக்காவில் என்ஆர்ஏ வகுத்த அளவுகோல் உண்டு. எல்லா பாகமும் ஒரிஜினல், 80 சதவீதத்துக்கு மேல பழைய பூச்சு இருந்தா 'எக்ஸலன்ட்'. 30க்கு மேலன்னா 'ஃபைன்'. அதுக்குக் கீழே போனா 'வெரி குட்'. மறுபடி பூச்சு போட்டிருந்தா 'குட்'டுக்கு இறங்கிடும். பேரு 'குட்'தான், விலை அப்படி இல்ல. ஃபிரேம், டிரிகர் கார்டு, கைப்பிடியோட பின்பட்டை, மூணுலயும் ஒரே நம்பர் இருக்கான்னும் பார்க்கணும். இல்லைன்னா நடுவுல யாரோ பாகத்தை மாத்தியிருக்காங்கன்னு அர்த்தம்.

அடுத்தது காகிதம். கோல்ட் கம்பெனியோட ஆவணப் பிரிவுக்குக் கட்டணம் கட்டினா, அந்த நம்பர் துப்பாக்கி எப்போ, எந்த ஊருக்கு, எந்தப் பூச்சோட அனுப்பப்பட்டதுன்னு கடிதம் தருவாங்க. காகிதத்துக்கு என்ன மதிப்புன்னு கேட்கறீங்களா? 1881ல பில்லி தி கிட்டைச் சுட்ட ஷெரிஃப் பேட் கேரட்டோட துப்பாக்கியும் இதே மாடல்தான். 2021ல பான்ஹாம்ஸ் ஏலத்துல 60 லட்சம் டாலருக்கு மேல போச்சு. மதிப்பீடு 20 முதல் 30 லட்சம்தான் இருந்தது. அவர் மனைவி அதைத் திரும்ப வாங்க கோர்ட்டு வரைக்கும் போயிருக்காங்க. அந்த வழக்கே ஒரு ஆதாரம். "எங்க தாத்தா சொன்னார்"னு வாயால சொன்னா ஒரு டாலர்கூட ஏறாது.

விலை தேடும்போது ஆன்லைன்ல 'கேட்கிற விலை'யைப் பார்க்காதீங்க. ஏலத்துல வித்து முடிஞ்ச விலையைப் பாருங்க, கமிஷனையும் கழிச்சுக்கோங்க. மதிப்பு போடறவரே "நானே வாங்கிக்கிறேன்"னு சொன்னா எழுந்து வந்துடுங்க. மதிப்புல இத்தனை சதவீதம் கட்டணம்னு கேட்டாலும் அதேதான்.

நிறைய பேர் கோட்டை விடறது வரியில. அமெரிக்காவில் இந்த மாதிரி சேகரிப்புப் பொருளோட நீண்டகால லாபத்துக்கு 28 சதவீதம் வரைக்கும் வரி உண்டு. ஆனா வாரிசா வந்த பொருளுக்கு, இறந்த தேதியில இருந்த சந்தை மதிப்புதான் அடக்கவிலை. அன்னைக்கு 3,000 டாலர்னு எழுத்துல மதிப்பீடு இருந்து, இப்போ 3,400க்கு வித்தா, வரிக்கு வர்றது 400 மட்டும். எழுத்துல இல்லைன்னா அதை நிரூபிக்கறது பெரும்பாடு. அதனால அந்தத் தேதிக்கான மதிப்பீடே தனியா வாங்கச் சொன்னேன்.

இந்தியாவில் இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. சுடக்கூடிய நிலையில இருந்தா 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேணும். நூறு வருஷம் தாண்டின தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 சட்டம் விடாது. அதனால டாலர் விலையைப் பார்த்துக் கனவு காணாதீங்க.

அந்த அம்மா கடைக்காரர்கிட்ட "யோசிச்சுச் சொல்றேன்"னு வந்துட்டாங்களாம். மூணு இடத்துலயும் நம்பர் ஒண்ணுதான். போன வாரம் கடிதத்துக்குப் பணம் கட்டியிருக்காங்க. வந்ததும் வீடியோவுல சொல்றேன்.