மதுக்கரைக் கேமராவுக்கு நானோ லென்ஸ் பொருந்துமா?

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள். அதற்குள் செய்முறைத் திட்டம் கொடுத்தாக வேண்டிய மாணவர்களின் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. கோவையை அடுத்த மதுக்கரை ரயில் பாதையில் யானைகளைக் கண்காணிக்கும் கேமராக்களில், உலோக எலெக்ட்ரான்களின் அதிர்வைக் கொண்டு மோட்டார் இல்லாமலே ஒளியைத் திருப்பும் பிளாஸ்மோனிக் நானோ லென்ஸைப் பொருத்தலாமா?

இப்போதைக்கு முடியாது. 2024 பிப்ரவரியில் 12 கோபுரங்களோடு தொடங்கிய அந்த ஏற்பாட்டில் வெப்பக் கேமரா வாங்குவது யானையின் உடல்சூட்டை. இவ்வகைக் கேமராக்கள் பார்க்கும் அலைநீளம் பொதுவாக 8 முதல் 14 மைக்ரோமீட்டர். கடிதங்கள் சொல்லும் லென்ஸ் கையாள்வதோ 1.5 மைக்ரோமீட்டரை ஒட்டிய லேசர் ஒளி.

ஆனால் திருப்பும் உத்தி அபாரமானது. அமெரிக்காவின் கால்டெக் ஆய்வு நிறுவனத்தில் ஹாரி அட்வாட்டர் குழு 2016-இல் செய்து காட்டியது இது: தங்கத் தளம், அதன்மேல் செல்போன் தொடுதிரையில் இருக்கும் இண்டியம் டின் ஆக்சைடு, மெல்லிய அலுமினா, எல்லாவற்றுக்கும் மேலே தங்கக் கீற்றுகள். 2.5 வோல்ட் கொடுத்தால் ஆக்சைடின் விளிம்பில், ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் ஆழத்துக்குள், எலெக்ட்ரான்கள் குவிகின்றன. அந்தப் படலம் ஒளிக்கு வேறு பொருளாகிவிட, பட்டுத் திரும்பும் அலையின் கட்டம் 180 டிகிரி மாறுகிறது, அதாவது அலை அரை அலைநீளம் தள்ளிப்போகிறது. கோவை கோனியம்மன் கோயில் தேரில் ஒரு பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டால் தேர் அந்தப் பக்கம் திரும்புமே, கீற்றுக்குக் கீற்று தாமதத்தைக் கூட்டினால் அலைமுகமும் அப்படித்தான் திரும்பும். ஓரங்களை விட நடுவில் அதிகம் தாமதித்தால் ஒளி குவியும். 2020-இல் 96 கீற்றுகளுக்குத் தனித்தனியே மின்னழுத்தம் கொடுத்து, ஒரே சில்லில் இரண்டையும் செய்தார்கள்.

என்னை உறுத்துவது வேறு. கட்டம் வேகமாக மாறும் இடத்தில்தான் உலோகமும் ஆக்சைடும் ஒளியை அதிகம் விழுங்குகின்றன. இரண்டுக்கும் ஒரே ஒத்ததிர்வுதான் காரணம்; ஒன்றை விட்டு மற்றதை மட்டும் வாங்க முடியாது. அதோடு, பூஜ்யமும் 180-ம் மட்டுமே கையில் இருந்தால் ஒளி வலம், இடம் இரண்டு பக்கமும் சமமாகப் பிரியும். ஆகவே "விரும்பிய திசையில் ஒளி" என்று ஓர் ஆய்வகத்தின் அறிவிப்பு சொன்னால், விழுந்த ஒளியில் எத்தனை சதவீதம் அங்கே போய்ச் சேர்ந்தது என்று கேளுங்கள். அந்த எண் இல்லாத அறிவிப்பைத் திட்ட அறிக்கையில் சேர்க்காதீர்கள்.

வேகம்? 2016 கருவி விநாடிக்கு 1 கோடி முறை வரை மாறியது.

தங்கம் கட்டாயமா? சிலிக்கானிலும் தட்டை லென்ஸ் உண்டு, இழப்பும் குறைவு; ஆனால் அது பிளாஸ்மோனிக் அல்ல.

இந்தியாவில் இத்துறையில் யார்? ஐஐடி கான்பூரில் எஸ். அனந்த ராமகிருஷ்ணா, இதுபோல் நுண்கட்டமைப்பால் ஒளியைக் கையாளும் மெட்டாமெட்டீரியல் ஆய்வில் நெடுங்காலம் உழைத்தவர்.

கல்லூரியில் எதைச் செய்யலாம்? இயற்பியலாளர் கிரெட்ச்மான் 1968-இல் காட்டிய முறை: கண்ணாடிப் பட்டகத்தின் அடியில் 50 நானோமீட்டர் தங்கம் பூசி, முனைவாக்கம் சரியாக வைத்த சிவப்பு லேசரின் கோணத்தை மெல்ல மாற்றுங்கள், ஒரு கோணத்தில் திரும்பும் ஒளி சட்டென்று மங்கும்; அந்த ஒளிதான் தங்கத்தின் எலெக்ட்ரான்களை அதிர வைக்கிறது.