மழை மாதத்தில் வரும் உறவுகள்

டிசம்பர், ஜனவரி மாதங்களே இலங்கைக்கு விடுமுறை செல்ல உகந்தவை என்று வெளிநாட்டுச் சுற்றுலாக் கைநூல்கள் கூறுகின்றன. காலி, ஹிக்கடுவை போன்ற தென்மேற்குக் கரைகளுக்கு அது சரி. பெரியகல்லாற்றுக்கு அது பொருந்தாது. வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியால் எமது பிரதேசத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி பெய்வது இந்த மாதங்களில்தான்.

ஆனால் கனடாவிலும் இலண்டனிலும் சுவிற்சர்லாந்திலும் இருக்கும் உறவுகளுக்கு நத்தார் விடுமுறை கிடைப்பதும் அப்போதுதான். வருவதற்கு முன்னரே கைத்தொலைபேசி பத்து நாட்களுக்கும் மழை காட்டுகிறது. கடற்கரைக் கனவோடு வந்த பிள்ளைகள் வீட்டுக்குள் முடங்குகின்றனர்.

இதில் நாம் பேசாத பக்கம் ஒன்று உண்டு. மழையால் விருந்தினருக்கு விடுமுறை குறைகிறது. வீட்டுப் பெண்ணுக்கோ வேலை கூடுகிறது. மூன்று வேளையும் எல்லோரும் வீட்டிலேயே சாப்பிடுகின்றனர். உடுப்புகள் காய்வதில்லை. விறகு ஈரம். குடிநீரைக் கொதிக்கவைத்தே தீரவேண்டும். "வந்தவர்களிடம் வேலை சொல்லலாமா?" என்ற தயக்கத்தால் எல்லாவற்றையும் அவளே சுமக்கிறாள்.

சொல்லலாம். சொல்லவும் வேண்டும். முதல் நாளிலேயே வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவேளைச் சமையலை மச்சாள் பொறுப்பேற்கட்டும். தண்ணீர் அள்ளுவதும் கடைக்குப் போவதும் ஆண்களின் வேலையாகட்டும். தத்தம் உடுப்பைத் தாமே துவைப்பது பிள்ளைகளுக்கும் நல்ல பழக்கம். உபசரிப்பு என்பது ஒருத்தி மட்டும் களைத்துப்போவது அல்ல.

முன்னறிவிப்பை எப்படிப் பார்ப்பது?

மழைப்படம் இருந்தால் நாள் முழுதும் மழை என்று பொருளல்ல. ஓரிரு மணி நேரம் பெய்து வெளிப்பதும் உண்டு. அந்த இடைவெளியில் மட்டக்களப்புக் கோட்டையையோ, கல்லடியில் சுவாமி விபுலானந்தரின் சமாதியையோ பிள்ளைகளுக்குக் காட்டி வரலாம்.

வளிமண்டலவியல் திணைக்களம் 100 மில்லிமீற்றருக்கு மேல் மழை என்று அறிவித்தால் நிலைமை வேறு. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் 100 லீற்றர் நீர் விழுவதற்குச் சமம் அது. கடலுக்கும் வாவிக்கும் இடையில் உள்ள எமது ஊரில் அந்நாளில் பயணம் வேண்டாம். 2024 நவம்பரில் காரைதீவுப் பக்கம் வெள்ளத்தைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு மதரசா மாணவர்கள் உயிரிழந்ததை மறக்கலாகாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸ் சேவையின் 1990 ஆகிய இலக்கங்களை வந்தவர்களுக்கும் கொடுத்துவையுங்கள். விமான நிலையம் செல்ல ஒரு நாளேனும் முன்னதாகக் கொழும்பைச் சென்றடைவது நல்லது.

வீட்டில் இருக்கும் நாட்கள் வீண் அல்ல. கொக்கான், தாயம், பல்லாங்குழி எல்லாம் அம்மம்மாவுக்குத் தெரியும். பிட்டு அவிக்கப் பேரப்பிள்ளை பழகட்டும். உறவுமுறைகளைக் கேட்டுக் குடும்ப மரம் ஒன்றை வரையட்டும். தமிழ் பேசத் தயங்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வகுப்பு இல்லை.

மழை விட்டதும் வளவைச் சுற்றிப் பாருங்கள். சிரட்டை, பூச்சாடித் தட்டு, பழைய ரயர் ஆகியவற்றில் தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு பெருகும். வாரம் ஒருமுறையாவது அவற்றை அகற்றுங்கள். காய்ச்சல் கண்டால் அஸ்பிரின், புரூபன் கொடுக்காமல் வைத்தியரிடம் செல்லுங்கள்.

இயலுமானவர்கள் அடுத்த முறை ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் வரட்டும். மேலைநாடுகளின் நீண்ட பாடசாலை விடுமுறை அப்போதுதான். இங்கே வெயில், பாசிக்குடாக் கடல் அமைதி, ஆவணியில் மண்டூர் முருகன் திருவிழா. விமானச் சீட்டு வாங்குமுன் அவர்கள் தொலைபேசியில் கேட்பார்கள். "எப்போது வந்தாலும் சந்தோஷம்" என்பதோடு நிறுத்தாமல், "மார்கழியில் இங்கே மழை" என்பதையும் சொல்லிவிடுங்கள்.