அறுந்த இழை எங்கே?

பஞ்சை நூலாக முறுக்கும் ஒரு ரிங் பிரேமில் ஆயிரத்துக்கும் மேல் கதிர்கள். நிமிடத்துக்கு 18,000 சுற்று வேகத்தில், 40-ஆம் நம்பர் நூல் ஓடினால், ஒரு கதிர் நிமிடத்தில் சுமார் 18 மீட்டர் நூற்கும். அதில் ஓர் இழை அறுந்தால் இயந்திரம் நிற்காது. நூலாக வேண்டிய பஞ்சு உறிஞ்சுகுழாய்க்குள் போய்க்கொண்டே இருக்கும், இயந்திரத்தைக் கவனிக்கும் தொழிலாளியான சைடர் நடந்து வந்து பார்த்து ஒட்டும்வரை.

பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியபோதும் சரி, அதற்கு வெகுகாலம் பின்னும் சரி, அறுந்த இழையைத் தேடியவை தொழிலாளியின் கண்ணும் காலும்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து மில் பஸ்ஸில் வந்திறங்கும் பெண்களின் ஷிப்டில் பெரும்பகுதி இந்த நடையிலேயே கழியும்.

இப்போது கதிருக்கு ஒரு சென்சார் வைக்கலாம். வளையத்தில் நூலை இழுத்துக்கொண்டு ஓடும் டிராவலர் என்ற சிறு கொக்கி நின்றதும் அந்தக் கதிரில் விளக்கு எரியும். அந்தக் கதிரின் எண் கணினிக்குப் போகும். சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனம் இதைச் செய்கிறது. கோவை எல்.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஸ்பின்கனெக்ட், மில்லின் இயந்திரங்கள் ஓடுவதையும் நிற்பதையும் ஒரே திரைக்குக் கொண்டுவருகிறது. முதலாளி சென்னையில் இருந்தே பார்க்கலாம்.

லாபம் எவ்வளவு? 25,000 கதிர் கொண்ட மில்லில், ஆயிரம் கதிருக்கு மணிக்கு 30 அறுப்பு என்று வைப்போம். ஒவ்வொன்றையும் 5 நிமிடம் முன்னதாக ஒட்டினால் நாளுக்கு ஏறக்குறைய 24 கிலோ நூல் மிஞ்சும். 9 டன்னுக்கு மேல் நூற்கும் மில்லுக்கு இது சிறு அளவுதான். பெரிய பலன் வேறிடத்தில் இருக்கிறது. திரும்பத் திரும்ப அறுக்கும் கதிர் எது, சுழற்றும் நாடா தளர்ந்து மெதுவாகச் சுற்றும் கதிர் எது என்று பதிவு காட்டிக்கொடுத்துவிடும். மெதுவாகச் சுற்றும் கதிரில் முறுக்குக் குறையும். அந்த நூல் தறியில் போய் அறுபடும். ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்களுக்கு அந்தத் தொல்லையைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

எனக்கு ஒரு கவலை உண்டு. கதிரைக் கண்காணிக்க வந்த திரை, சைடர் எத்தனை நிமிடம் தாமதித்தார் என்பதையும் சொல்லும். அதை வைத்து அவரைக் கடிந்துகொள்வது மிகச் சுலபம். ஆனால் தேய்ந்த வளையத்தை மாற்றாமல் ஆளை விரட்டினால் அறுப்பு குறையாது. முதல் திரையை மேலாளர் அறையில் வைக்காமல் ரிங் பிரேமின் முனையில், சைடர் கண்ணில் படும்படி, தமிழில் வையுங்கள். எந்தக் கதிருக்குப் போகவேண்டும் என்று தெரிந்தால் வீண்நடை மிச்சம். எந்தக் கதிர் பழுது என்று அவரே பிட்டரிடம் எண்ணைச் சொல்லி மாற்றச் சொல்லலாம்.