முதல் சைக்கிள் ரேஸா? சைக்கிளுக்கு முன்னாடி பாலிசியைப் பாருங்க



ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அஞ்சு மணிக்கு சென்னை இ.சி.ஆர். பக்கம் போயிருக்கீங்களா? திருவான்மியூர் தாண்டினதும் சிவப்பு விளக்கு மினுக்கிட்டே சைக்கிள் கூட்டம் ஒண்ணு போகும். அதுல நிறைய பேர் நம்மள மாதிரி மாசச் சம்பளக்காரங்கதான். ஆறு மாசம் அந்தக் கூட்டத்தோட ஓட்டினீங்கன்னா, ஒரு நாள் யாராவது கேட்பாங்க: "ரேஸ்ல கலந்துக்கலாமே?"

உடனே நம்ம கை எங்க போகும்? மொபைலை எடுத்து புது சைக்கிள் தேடும். ஒரு லட்ச ரூபாய் சைக்கிள், 12 மாச நோ காஸ்ட் இ.எம்.ஐ.னு காட்டும். பேருதான் நோ காஸ்ட். வட்டியை விலையில தள்ளுபடியா கழிச்சாலும், அந்த வட்டி மேல 18% ஜி.எஸ்.டி. உங்க கார்டுலதான் விழும். 15% வட்டினு வச்சா அது சுமார் 1,400 ரூபாய். பிராசஸிங் ஃபீஸ் தனி. அதை விடுங்க, அது சின்னத் தொகை. நான் பயப்படுறது வேற விஷயத்துக்கு.

முதல் ரேஸ் பெரும்பாலும் திறந்த சாலையில நடக்கும். அதாவது, ரோட்டை முழுசா மூட மாட்டாங்க. பஸ் வரும், ஆட்டோ வரும், நாய் குறுக்க ஓடும். இதுல 35 கிலோமீட்டர் வேகத்துல, முன்னாடி போறவர் டயருக்கு ஒரு முழம் தள்ளி ஓட்டுவீங்க. விழுந்தா என்ன ஆகும்னு கணக்கு போட்டிருக்கீங்களா?

நான் போடல. என் முதல் ரேஸுக்கு மூணு வாரம் இருக்கும்போது, பிராக்டிஸ்ல கோவளம் தாண்டி ஒரு வேகத்தடையைக் கவனிக்காம விழுந்தேன். காறை எலும்பு முறிஞ்சுது. ஆஸ்பத்திரி பில்லை கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் கட்டிடுச்சு, சந்தோஷம். ஆனா மெடிக்கல் லீவு தீர்ந்து 11 நாள் லாஸ் ஆஃப் பே. அப்போ கைக்கு வந்த சம்பளம் 42,000, அதுல 15,400 போச்சு. பிசியோதெரபி 5,000, பாலிசி தரல. உடைஞ்ச ஹெல்மெட்டுக்குப் பதில் புதுசு 3,000. மொத்தம் 23,400. சைக்கிளை ரிப்பேர் பண்ண ஆன செலவு எவ்வளவு தெரியுமா? 1,800. நான் ராத்திரி பூரா கவலைப்பட்டது அந்த சைக்கிளைப் பத்தி!

பாலிசில என்ன எழுதியிருக்கு?

நம்ம ஊர் ஹெல்த் பாலிசிகள்ல சாகச விளையாட்டுக்குனு ஒரு விலக்கு இருக்கும். பொதுவான வாசகப்படி, தொழில்முறையா அதுல கலந்துக்கிறவங்களுக்குத்தான் அது பொருந்தும். பொழுதுபோக்கா ஓட்டுற உங்களை அது நேரா தொடாது. ஆனா பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி வேற கதை. சிலதுல "எந்த வகைப் பந்தயமும்"னு ஒரே வரியில எல்லாத்தையும் விலக்கியிருப்பாங்க. அதனால விலக்குப் பகுதியை நீங்களே படிங்க. புரியலைனா கம்பெனிக்கு மெயில் போட்டு, "அமெச்சூர் சைக்கிள் ரேஸ்ல காயம் பட்டா க்ளெய்ம் கிடைக்குமா?"னு கேட்டு, பதிலை எடுத்து வையுங்க. ஏஜென்ட் போன்ல சொன்னதுக்கு மதிப்பு இல்ல.

அந்தப் பாலிசில தற்காலிக ஊனத்துக்கு வாராவாரம் பணம் தர்ற பகுதி இருக்கானும் பாருங்க. லாஸ் ஆஃப் பே-யை ஈடு கட்டுறது அதுதான். வருஷம் 20 ரூபாய் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா எடுத்திருப்பீங்க. நல்லது, ஆனா அது விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். உடைஞ்ச எலும்புக்கு ஒரு பைசா வராது.

தமிழ்நாட்டு ரோட்டுல விபத்துன்னா முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு, 2021 டிசம்பர்ல தொடங்கின 'நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கு. பட்டியல்ல உள்ள ஆஸ்பத்திரியில வரம்புக்கு உட்பட்டு இலவசம். வீட்டுல இருக்கிறவங்களுக்கும் இதைச் சொல்லி வையுங்க, ஏன்னா அந்த நேரத்துல நீங்க பேசுற நிலையில இருக்க மாட்டீங்க.

பணத்தை எங்க போடலாம்?

சமதளத்துல 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போனா, உங்க சக்தியில பெரும்பகுதி காத்தைத் தள்ளுறதுக்கே போகுது. அதனால ஒரு கிலோ எடை குறைஞ்ச சைக்கிளுக்குக் கூடுதலா 40,000 கொடுக்கிறது இ.சி.ஆர்.ல வீண். அடுத்தவர் பின்னாடி ஒட்டி ஓட்டப் பழகினா அதைவிடப் பல மடங்கு மிச்சம், அதுவும் இலவசம். இருக்கிற சைக்கிளுக்கு நல்ல டயர், புது பிரேக் கட்டை, தலைக்குச் சரியா பொருந்துற ஹெல்மெட் வாங்குங்க. ஒரு தடவை அடி வாங்கின ஹெல்மெட்டைத் திரும்பப் போடாதீங்க, வெளிய கீறல் கூட இல்லாம உள்ள நொறுங்கியிருக்கும். செகண்ட் ஹேண்ட் சைக்கிள் வாங்கினா அலுமினியம் எடுங்க. கார்பன் ஃப்ரேம்ல விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

பயிற்சிக்கு எட்டு வாரம் வேணும். ரேஸ் 60 கிலோமீட்டர்னா, அந்த தூரத்தை வாரக் கடைசியில சிரமமில்லாம ஓட்டணும். வார நாள்ல ரெண்டு தடவை ஒரு மணி நேரம், நடுவுல நாலஞ்சு நிமிஷம் மூச்சு வாங்குற வேகம். மிச்ச நேரம் கூட்டத்துல ஓட்டிப் பழகுங்க: நேர்க்கோட்டுல போறது, திடீர்னு பிரேக் போடாம இருக்கிறது, கையால பள்ளத்தைக் காட்டுறது, ஒரு கையில பாட்டில் எடுத்துக் குடிக்கிறது. இதுதான் எலும்பைக் காப்பாத்தும். கூட்டத்துல ஓட்டுறதே பயமா இருந்தா, முதல் தடவை டைம் ட்ரையல் பிரிவுல பதிவு பண்ணுங்க. ஒவ்வொருத்தரா கிளம்புவாங்க, கடிகாரத்தோட மட்டும்தான் போட்டி. என் சிபாரிசு அதுதான்.

ஜெல் பாக்கெட்டுக்கு நூறு, நூத்தம்பதுனு கொடுக்க வேண்டாம். மணிக்கு 30-லிருந்து 60 கிராம் மாவுச்சத்து போதும். வாழைப்பழம், பேரீச்சம்பழம் இதுக்கே சரியாப் போகும். எதுவா இருந்தாலும் பயிற்சியில சாப்பிட்டுப் பாத்ததையே ரேஸ்லயும் சாப்பிடுங்க.

நுழைவுக் கட்டணம் கட்டுறதுக்கு முன்னாடி நடத்துறவங்ககிட்ட மூணு கேள்வி: போலீஸ் அனுமதி இருக்கா, ஆம்புலன்ஸ் எத்தனை, மழையில தள்ளிப்போனா பணம் திரும்ப வருமா? பொறுப்புத் துறப்புப் படிவத்துல கையெழுத்துக் கேட்பாங்க. படிச்சுட்டுப் போடுங்க, ஒரு போட்டோவும் எடுத்துக்கோங்க. அன்னைக்குக் காலையில நம்பர் சீட்டோட பின்பக்கம் ரத்த வகை, வீட்டு போன் நம்பர், பாலிசி நம்பர் மூணையும் பேனாவால எழுதிட்டுக் குத்திக்கோங்க. போன் லாக்ல இருந்தா வேற யாராலும் திறக்க முடியாது.