பாதுகாப்புப் பயிற்சிக்குக் கிளம்பும் முன்பு

பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையிலோ, செலுத்தும் அறையிலோ வேலை பார்ப்பவரா நீங்கள்? தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் சிவகாசியில் நடத்தும் பயிற்சிக்கு உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறார்களா? "போய் உட்கார்ந்துட்டு வந்தா சரி" என்று நினைத்துவிடாதீர்கள்.

முதலில் கூலி விஷயம். பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு ஒரு நாள் என்பது சின்னக் கணக்கு இல்லை. பயிற்சி நாளுக்குக் கூலி உண்டா என்று மேனேஜரிடம் முன்னாடியே கேளுங்கள். தயங்க வேண்டாம். பயிற்சிக்கு அனுப்பும்படி நிர்வாகத்தைக் கேட்பது தொழிலாளியின் உரிமை என்று, 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-லேயே 111-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. எந்த அடையாளச் சான்று வேண்டும், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

உண்மையான தயாரிப்பு உங்கள் அறையில்தான் இருக்கிறது. போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து, நீங்கள் செய்யும் வேலையையே வேறு ஆள் பார்ப்பது போலப் பாருங்கள். கையில் இருப்பது இரும்புக் கரண்டியா, மரமா? உடுத்தியிருப்பது பருத்தியா, சிந்தெடிக் சேலையா? வாசலில் எழுதியிருக்கும் எண்ணிக்கையை விட உள்ளே எத்தனை பேர் கூடுதலாக இருக்கிறார்கள்? சாயந்திரம் மிச்சமாகும் மருந்தை என்ன செய்கிறீர்கள்?

அந்தக் கடைசிக் கேள்வியை அழுத்திக் கேட்கக் காரணம் உண்டு. வெடியுப்பும் அலுமினியப் பவுடரும் கலந்த மருந்தில் ஈரம் பட்டால், நெருப்பே இல்லாமல் அது உள்ளுக்குள் சூடேறும். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை வரலாம். ராத்திரி வைத்துவிட்டுப் போன மருந்து காலையில் தீப்பிடிப்பது இப்படித்தான். வாடை வந்தால் கிளறிப் பார்க்கவும் கூடாது, தண்ணீர் தெளிக்கவும் கூடாது. எல்லோரையும் வெளியேற்றிவிட்டுப் போர்மேனிடம் சொல்ல வேண்டும். இதெல்லாம் பயிற்சியிலும் வரும். ஆனால் "எங்க அறையில மழை நாள்ல தரை கசியுது, என்ன பண்றது?" என்று நீங்கள் கேட்டால்தான் அந்தப் பாடம் உங்கள் அறைக்கான பாடமாகும்.

பார்த்ததை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எழுத வராதென்றால் வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி எழுதி வாங்குங்கள். தப்பாகச் செய்து வந்ததையும் எழுதுங்கள். அவசரத்தில் எல்லோரும் செய்வதுதானே, அதில் வெட்கம் எதற்கு? ஆலையின் பெயரைச் சொல்லத் தயக்கமாக இருந்தால் சொல்லாமலே கேட்கலாம்.

இன்னொரு கேள்வி வீட்டாரைச் சேர்ந்தது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில், முதலில் தீப்பிடித்ததும் காப்பாற்றவும் பார்க்கவும் ஓடிப்போனவர்களும் அடுத்தடுத்த வெடிப்பில் மாண்டார்கள். புகை எழுந்தால் எந்தப் பக்கம் ஓடுவது, எவ்வளவு தூரத்தில் நிற்பது என்று பயிற்சியில் கேட்டு வாருங்கள். அன்று ராத்திரியே வீட்டிலும் தெருவிலும் சொல்லிவிடுங்கள்.